பீசாங் மாஸ் வாசம்

காலுறை மாட்டி லேபிளை மறைத்திருந்த வைன் புட்டியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, ஜூலியானா கிளாசில் ஊற்றிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். தொட்டதுமே அவள் கணவர் அலெக்சாண்டர் முகம் சுளித்தார்.

"இது வைனா, ஐஸ் காச்சாங்கா? இவ்ளோ ஜில்லுனு இருந்தா வாசம் எப்படி வரும்லா?"

அவர் கையில் சூடு இல்லை. அவளே கிளாசை உள்ளங்கைகளில் பொத்திக் குளிரைப் போக்கினாள்.

ஈப்போ ஓட்டலில் வைன் பரிமாறியவர். புட்டியைக் காட்டாமல் ஊற்றினாலும், ஒரு வாயில் திராட்சையின் பெயரைச் சொல்லிவிடுவார். "கள்ளு குடிக்கிறவன்கூட இப்படி மோந்துக்கிட்டு நிக்கமாட்டான்" என்று சுங்காய்த் தோட்டத்துச் சொந்தங்கள் கேலி செய்யும். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். கீமோவுக்குப் பிறகு அவருக்கு ரசம்கூடத் தகரமாகத்தான் ருசித்தது. டாக்டர் கைவிரித்தபோது அழாத மனிதர், "என் நாக்கு போச்சு ஜூலி" என்று அழுதார். அந்த நாக்கை ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அடம். எதைச் சொன்னாலும் சரியென்று சொல்லிவிடுவதாக அவள் முடிவு செய்திருந்தாள். பாவம், மனுஷன் நிம்மதியாகப் போகட்டும்.

"அந்தப் பக்கம் திரும்பு. உன் மூஞ்சியே பதில் சொல்லிரும்."

திரும்பினாள்.

"வெளிர் சிவப்பு. என் வெரல் அந்தப் பக்கம் தெரியுது." ஒரு வாய் உறிஞ்சும் சத்தம். "துவர்ப்பு கம்மி. கேமரன் மலை ஸ்ட்ராபெரி மாதிரி புளிப்பு. பினோ நுவார் திராட்சைன்னு தோணுது."

தப்பு. ஆனாலும் ஜூலியானா சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இரு, அவசரப்படாத." மறுபடி மோந்தார். "பின்னாடி வாழப்பழ வாசம் வருது. நல்லாப் பழுத்த பீசாங் மாஸ். பினோல இது வராது. இது காமே திராட்சை."

அவள் காலுறையை உருவி லேபிளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். காமேதான்.

"அடேங்கப்பா! எப்படிங்க?"

அவர் சிரித்தார். வழக்கமாகச் சுவைத்ததைத் துப்பிவிடுபவர், கிளாசில் மிச்சமிருந்ததையும் விழுங்கினார்.

"துப்பலயா?"

"இன்னிக்கு ட்யூட்டி இல்லலா."

தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. பாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா ஏதும் சொன்னாராம்மா? ஜெபம், வசனம்?"

"ஒரு திராட்சை பேரு சொன்னாரு, பாஸ்டர்."

பாஸ்டர் விழித்தார். ஜூலியானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுங்காய்ச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சரியாச் சொன்னாரு."