வான்கதவு திறக்கும் நேரம்

குளத்தையும் அதன் கீழுள்ள ஊர்களையும் கணினிக்குள் மாதிரியாகக் கட்டி முடிக்க ஆய்வாளர் சுதாஜினிக்கு இரண்டு வருடம் பிடித்தது. மழை, மண் குடிக்கும் நீர், வாய்க்காலின் ஆழம், அதன் கரையின் உயரம் என்று முப்பத்திரண்டு எண்கள். எந்த எண்ணை அசைத்தால் வெள்ளம் அதிகம் மாறுகிறது என்று அறிய, ஒவ்வொன்றாக மாற்றி ஒன்பதாயிரம் தடவை வெள்ளத்தை வரவைத்தாள். வவுனியாவில் பல்கலைக்கழகக் கணினிகள் பத்தொன்பது நாட்கள் ஓடின.

முதலாவதாக நின்றது, குளம் நிரம்பும்போது மிகைநீரை வெளியேவிடும் வான்கதவுகளைத் திறக்கும் நேரம். வழமையைவிட ஆறு மணித்தியாலம் முந்தினால் கண்டாவளைப் பக்கத்துத் தாழ்ந்த குடியிருப்பில் தண்ணீர் முற்றத்தோடு நிற்கும். பிந்தினால் கூரைக்கு ஏறும். கரையின் உயரம் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தது.

அந்தக் கரைக்குத்தான் குடியிருப்பைச் சேர்ந்த மீனம்மாவும் கணவர் சங்கிலியும் இரண்டு மாதமாக ஊரோடு சேர்ந்து மண் சுமந்துகொண்டிருந்தார்கள். சுதாஜினி நேரே போய்ச் சொன்னாள்.

"இன்னும் ஒரு அடி உயர்த்தினா?" என்று மீனம்மா கேட்டாள்.

"ஆறடி உயர்த்தியும் பாத்தனான், அம்மா. கதவை நேரத்தோட திறக்கோணும். அதுதான் தடுக்கும்."

சங்கிலி மண்வெட்டியில் கையை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

குளத்துக்குப் பொறுப்பான அதிகாரி பரமேஸ்வரன் அறிக்கையை முழுதாக வாசித்தார். "பிழையெண்டு சொல்லேல்லை, தங்கச்சி. முந்தித் திறந்துபோட்டு மழை வராட்டி, கோடையில விதைக்கிற சிறுபோகத்துக்குத் தண்ணி இல்லை. கமக்காரர் என்னைத்தான் கேப்பினம். மேலிடத்து உத்தரவு இல்லாமல் நான் தொடமாட்டன்."

அவருடைய பயத்துக்கு அவளிடம் எண் இருக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. சுதாஜினி விடியவே பரமேஸ்வரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். உத்தரவு கேட்டிருப்பதாகச் சொன்னார். சங்கிலியோ சைக்கிளை எடுத்துக்கொண்டு குளத்தடிக்கே போய்விட்டார். கதவைத் திறக்கச் சொல்லி அங்கிருந்த ஊழியர்களிடம் மழைக்குள் நின்று மன்றாடினார். பின்னேரம் உத்தரவு வந்து எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தபோது, அவர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருந்தார். பாலத்தடியில் தண்ணீர் அவரை இழுத்துப்போனது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

குடியிருப்பில் வேறு யாரும் சாகவில்லை. எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்கு ஏறியிருந்தார்கள். சுதாஜினி அங்கே போனாள். மீனம்மா வகுப்பறை வாங்குப்பலகை ஒன்றின் ஓரத்தில் இருந்தாள், அழவில்லை.

"நீங்க சொல்லாட்டி நாங்க கரையையே கட்டிக்கொண்டிருந்திருப்பம், அவரும் குளத்தடிக்குப் போயிருக்கமாட்டார்," என்றாள். "எதுக்குப் பிள்ளை எங்களுக்குச் சொன்னனீங்கள்?"

சுதாஜினி அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். வவுனியாவுக்குப் போகும் கடைசி பஸ் போன பிறகும் அவள் எழும்பவில்லை.