முன்ஜியின் தோள்

பிஸெர்தா என்ற துறைமுக ஊரின் மருத்துவமனையில், பிசியோதெரபி பிரிவில் தோள்வலி ஆய்வு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள் நஸீஹா. வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும், மீதிப் பேருக்குப் பயிற்சியோடு மின்கருவியும். அந்தக் கருவியை எத்தனையோ தோள்களில் வைத்துத் தேய்த்துச் சலித்தவள் அவள். உள்ளபடியே அதனால் பலன் உண்டா என்று இந்த ஒருமுறை பார்த்துவிட வேண்டும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது அளக்கிற அவளுக்குத் தெரியக்கூடாது. வந்தவர்களும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

அதை மட்டும் மறைத்தால் பரவாயில்லையே, வலியையும் அல்லவா மறைத்தார்கள்! எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கும்மா" என்றார்கள். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லை என்று எவன் சொல்வான்? இப்படி மரியாதை பார்த்தால் ஆய்வு எங்கே உருப்படும்?

கை எவ்வளவு உயர்கிறது என்று கோணமானி வைத்துக் கடைசி அளவெடுக்க, அன்று முன்ஜி வந்தான். பழைய துறைமுகத்தில் படகுகளுக்குச் சாயம் அடிக்கிறவன். சின்ன வயதில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரன்.

"என்ன டாக்டரம்மா, இன்னிக்கும் கோணமானிதானா? ஒரு புதினா டீ கிடையாதா?"

"முதல்ல கையைத் தூக்கு. டீயெல்லாம் அப்புறம்."

கை காதுவரைக்கும் போனது. முகம் நிறையச் சிரிப்பு. ஆனால் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது, தோள்பட்டையே கழுத்துப் பக்கம் ஏறியிருந்தது.

"வலிக்குதா?"

"சேச்சே, ஒண்ணுமே இல்ல."

அது அவள் அறிந்த சிரிப்பு. கோட்டைச் சுவரிலிருந்து கடலில் குதித்து, முழங்கால் கிழிந்து நின்ற அன்றும் இப்படித்தான் சிரித்தான். அவள் கடல் தாண்டி மார்செய் நகருக்குப் படிக்கக் கப்பலேறிய அன்றும் அதே சிரிப்பு. "போய்ட்டு வா, எனக்கென்ன, ஒண்ணுமில்ல" என்று சூடான பம்பலூனிப் பொட்டலத்தைக் கையில் திணித்தான். அந்தப் பணியாரத்தின் சர்க்கரை விரலில் ஒட்டிக்கொண்டது. அன்னிய ஊரின் குளிரில் அந்த ருசியை நினைத்து எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். ஒன்றுமில்லை என்றானே, அதை நம்பித்தான் போனாள்.

கோணமானியை மேசையில் வைத்தாள்.

"முன்ஜி, பொய் சொல்றே."

"உன் ஆராய்ச்சி ஜெயிக்க வேணாமா? என்னால உன் பேர் கெடணுமா?"

"ஜெயிக்கறதுக்கு இது என்ன கால்பந்தா? குணமாகலேன்னா ஆகலேன்னுதான் எழுதணும். நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்ற பொய்யை நம்பி, நாளைக்கு எவனோ ஒருத்தன் பலனில்லாத வைத்தியத்துக்கு வந்து உக்காந்திருப்பான்."

முன்ஜி மறுபடி கையைத் தூக்கினான். இந்தமுறை தோள் உயரத்திலேயே கை நின்றுவிட்டது. சிரிப்பும் இல்லை.

"இதுக்கு மேல போகாது நஸீஹா. உயிர் போகுது."

அவள் அளந்து எழுதினாள். பேனாவை மூடினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கப்பல் ஏறுன அன்னிக்கும் பொய்தானா?"

முன்ஜி தோளைத் தடவியபடி தரையைப் பார்த்தான். "வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டே. படிப்பு போயிருக்கும்."

"போறதா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணியிருக்கணும்," என்றாள் நஸீஹா.