எழுதியவர் கட்டம்

விடிகாலை ஐந்தரை மணிக்கே, ரொசாரியோ நகரின் பத்திரிகை அலுவலகத்தில் நாங்கள் பதினோரு பேர் கணினிமுன் குனிந்திருந்தோம். பத்திரிகையின் இணையதளம் புது மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய செய்தியைத் திற, நகலெடு, புதியதில் ஒட்டு, படத்தை ஏற்று, சேமி. ஆளுக்கு நாளொன்றுக்கு இருநூறு. விரல்கள் மரத்துவிட்டன. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். சூடான மத்தே மூலிகைத் தேநீர்க் குடுவை மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

எங்களில் யாருக்கும் நியமனத் தாள் கிடையாது. பதினான்கு ஆண்டுகள் இங்கே உழைத்ததற்கு எனக்கு ஒரே சாட்சி, செய்திகளின் மேலிருக்கும் 'நெலிதா பிரிசுவேலா' என்ற என் பெயர்தான். நீதிமன்றம் போனாலும் அதைத்தான் காட்ட முடியும். "இதை முடிச்சுக் குடுங்க, எல்லாரையும் நிரந்தரமாக்கிடறேன்" என்றிருந்தான் மேலாளர் ஃபாபியான். நேற்றுவரை எங்கள் சங்கத்தின் தலைவன். நம்மவனாயிற்றே என்று நம்பினோம்.

அன்று, முன்பு நான் எழுதிய வெள்ளச் செய்தியைப் புதுத் தளத்தில் திறந்தேன். தானாக நிரம்பும் என்று அவன் சொன்ன 'எழுதியவர்' கட்டத்தில் 'ஆசிரியர் குழு' என்றிருந்தது; மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தது. பதினோரு பேருக்கும் அதே கதி. நிரந்தர ஊழியர்களின் பெயர்கள் மட்டும் பத்திரம். வெள்ளிக்கிழமை பழைய தளத்தை அழிக்கப்போகிறார்கள். எங்களை எங்கள் கையாலேயே அழிக்கவைத்திருக்கிறான், பாவி!

அவன் அறைக்குள் போனேன்.

"என்ன ஃபாபியான் இது?"

"பட்டியல்ல இருக்கிற ஊழியர் பேருதான் ஏறும், நெலி."

"அப்ப எங்களப் பட்டியல்ல ஏத்து. அதானே வாக்கு?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "வக்கீல் வேண்டாங்கிறாரு."

"பரானா ஆறு பொங்கினப்ப இடுப்பளவு தண்ணியில நின்னு எழுதினது உன் வக்கீலா?"

"கத்தாத. இந்த வேலைக்கு வெளியில நூறு பேரு காத்திருக்கான்."

"இது பழைய முதலாளி பேச்சு. அன்னிக்கு இதக் கேட்டு மேசையத் தட்டினவன் நீ!"

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது? வெளியே வந்து அழுதேன்.

விளையாட்டுப் பக்கத்து ஒஸ்வால்தோ முப்பது வருட நிரந்தர ஊழியர். "வழக்கம்போல செய்வோம். நிரந்தரக்காரங்க எல்லாரும் எங்க பேர எடுத்துடறோம்" என்றார். கோபம் வந்தால் செய்தியிலிருந்து பெயரை விலக்கிக்கொள்வது எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர்களின் பழைய போராட்டம்.

"பேரு இல்லாம போறதுதானே அவனுக்கும் வேணும்?" என்றேன்.

ஒஸ்வால்தோ தாடியைச் சொறிந்தார். பிறகு தன் கால்பந்துச் செய்தியின் முடிவில் எங்கள் பதினோரு பெயர்களையும் தட்டினார். "கட்டத்தைத்தானே பூட்டியிருக்கான், செய்திய இல்லையே" என்றார். பக்கத்து மேசைக்காரரும் தன் செய்தியில் அப்படியே தட்டத் தொடங்கினார். எட்டு மணிக்குள் முகப்பிலிருந்த எல்லாச் செய்திகளின் அடியிலும் நாங்கள் இருந்தோம்.

ஃபாபியான் ஓடிவந்தான். "யாரு செஞ்சது இத?"

ஒஸ்வால்தோ திரும்பக்கூட இல்லை. "ஆசிரியர் குழு."

மதியத்துக்குள் அவன் எல்லாவற்றையும் நீக்கிவிடுவான், தெரியும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். வேலைநிறுத்த அறிவிப்பை எழுத உட்கார்ந்தோம். நாங்கள் பதினோரு பேர், நிரந்தர ஊழியர்கள் முப்பத்தொரு பேர், ஆக நாற்பத்திரண்டு பேரும் அதில் முழுப் பெயர் போட்டோம்.