விருந்தாளிக்குக் காட்டிய வீடு

கிள்ளான் நகரத்தில் சுவருக்கு அடிக்கும் சாயம் விற்கும் கடை வைத்திருக்கும் பக்கிரிசாமிக்கு ஒரு குணம். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் போதும், மனுஷனுக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்காது. ஜன்னல் திரையை மாற்றுவார், வாசலைக் கழுவிவிடுவார், கிழிந்த சோபாவின்மேல் பூப்போட்ட துணியை விரித்து மறைப்பார். மின்சார மீட்டரைப் பார்க்க வந்த ஆளைக்கூட உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பியவர் அவர். குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோனதுதான் வினையாகிவிட்டது.

பள்ளிக்கூடம் காப்பார் என்ற ஊர்ப் பக்கம், சுங்கை மெராந்தி என்ற செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். தமிழ்க் குடும்பங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து, அப்பாவும் அம்மாவும் கிள்ளானுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் ஷிப்ட் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் அதே பழைய பள்ளிக்கு வந்தார்கள். பக்கிரிசாமி அங்கே பெற்றோர் சங்கத் தலைவர். அவருடைய மகள் தாமரை ஐந்தாம் ஆண்டு படித்தாள்.

பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஆசிரியருக்கென்று ஒரு வீடு இருந்தது. பலகையும் தகரமுமாகக் கட்டிய வீடு. அதில் மலர் டீச்சர் தன் ஐந்து வயது மகன் ரிஷியோடு தங்கியிருந்தார். கணவருக்கு ஜொகூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவார். டீச்சர் அங்கேயே குடியிருந்ததால்தான் மாலை வகுப்பு நடந்தது. பள்ளி விட்டதும் பூட்டிய வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள், பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து படித்தார்கள். இதுகளுக்கு வாசிக்கவே வராது என்று எல்லாரும் கைகழுவிய பிள்ளைகள் அங்கே வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். தாமரையும் அவர்களில் ஒருத்தி.

வீடோ மழைக்குத் தாங்காது. கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகியது, உத்தரத்தைக் கறையான் தின்றிருந்தது, சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம் ஏறியிருந்தது. அந்தக் காற்று ரிஷிக்கு ஆகவில்லை. மழைக்காலம் முழுக்கப் பையனுக்கு இழுப்பு. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி மூச்சுக்கு மருந்துக் காஸ் வைப்பதே டீச்சருக்குப் பிழைப்பாகிவிட்டது. அடுத்த மழைக்குள் வீடு சரியாகாவிட்டால் மாற்றல் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று தலைமையாசிரியை சாந்தமேரியிடம் அவர் சொல்லியேவிட்டார்.

சாந்தமேரி லேசில் விடுகிறவர் இல்லை. நகரத்துக்கு வெளியே இருக்கும் பள்ளிகளைப் பழுதுபார்க்கவும் ஆசிரியர் வீடுகளைச் சரிசெய்யவும் அரசாங்கம் ஒதுக்கும் மானியத்துக்காக எழுதினார், அலைந்தார், படியேறிக் கெஞ்சினார். எந்தப் பள்ளிக்கு அவசரம் என்று நேரில் பார்த்து முடிவுசெய்ய அதிகாரிகள் வருவதாகக் கடைசியில் பதில் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. பள்ளி விடுமுறை. மலர் டீச்சர் மகனோடு ஜொகூருக்குப் போயிருந்தார். சாந்தமேரி தங்கை மகளின் கல்யாணத்துக்காகப் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார்.

தேவாலய வாசலில் நின்றபடி அவர் பக்கிரிசாமிக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை காலையில் ஆட்கள் வருவதாகவும், தானும் நேரே அங்கே வந்துவிடுவதாகவும், ஒருவேளை ஜாமில் மாட்டிக்கொண்டால் டீச்சர் வீட்டுக் கதவைத் திறந்துவிடும்படியும் சொன்னார். டீச்சர் கொடுத்துவிட்டுப் போன சாவி பக்கிரிசாமியிடம்தான் இருந்தது. எதையும் தொட வேண்டாம் என்று சாந்தமேரி சொல்லவில்லை. ஐம்பது வயது கடந்த ஒரு பெரிய மனிதருக்கு அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்!

ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டதோடு சரி, அதற்கப்புறம் பக்கிரிசாமியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடி வேலை செய்ய வர வேண்டும் என்று அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தன் லோரியில் சாயம், பிரஷ், தார், சீலிங் பலகை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ராத்திரி ஷிப்ட் முடித்த அப்பாக்கள் தூங்காமல் வந்தார்கள். ஓட்டைத் தகரத்துக்குத் தார் பூசினார்கள். கறையான் தின்ற உத்தரத்தின் கீழே புதுப் பலகையை வரிசையாக அடித்து மூடினார்கள். பூசணத்தைத் தேய்த்துக் கழுவி, அதன்மேல் பால்நிறச் சாயம் இரண்டு கோட் ஏற்றினார்கள். ஒழுகுகிற இடமெல்லாம் வைத்திருந்த வாளிகளைப் பக்கிரிசாமியே எடுத்துப்போய்க் கழிப்பறைக்குப் பின்னால் கவிழ்த்துவைத்தார்.

எதற்கு இதெல்லாம் என்று ஒருத்தர் இழுத்தபோது அவர் கோபப்பட்டார்.

“நம்ம டீச்சர் இருக்கிற வீடுலா இது. வர்றவங்க பாத்து மூஞ்சியச் சுளிச்சா அசிங்கம் யாருக்கு? நமக்குத்தான்.”

இழுத்தவரும் பிரஷை எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அங்கிருந்த எல்லாருக்குமே அதே எண்ணம்தான்.

மாலையில் திரும்பிய மலர் டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். ரிஷி அறைக்கு அறை ஓடினான். டீச்சர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டிய சாயத்தைப் பார்த்தார், அழுதுவிட்டார். பக்கிரிசாமிக்கு அந்த அழுகையே போதுமாக இருந்தது. இதைவிட நல்ல காரியம் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து நேரே வந்து காரை விட்டிறங்கிய சாந்தமேரி அந்த வீட்டைப் பார்த்த பார்வையை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வராந்தாவில் மேசை போட்டு, இட்லியும் வடையும் சாம்பாருமாகப் பசியாற எடுத்துவைப்பதில் மும்முரமாக இருந்தார்.

அதிகாரிகள் இருவர் வந்தார்கள். மலர் டீச்சர் அந்த நேரம் ரிஷியைக் காட்டுவதற்காகக் கிளினிக்குக்குப் போயிருந்தார். பெரியவர் பெயர் சிவநேசன். நிதானமான மனிதர், எதையும் அலட்சியமாகப் பார்க்கிறவர் இல்லை. கூட வந்தவர் படம் எடுத்தார். வீட்டுக்குள் நுழைந்த சிவநேசன் சுற்றிலும் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல நிலைமையில் ஒரு ஆசிரியர் வீட்டை இந்தச் சுற்றில் தான் பார்க்கவே இல்லை என்றார். வாசலில் கூடியிருந்த பெற்றோர்களின் முகமெல்லாம் மலர்ந்தது. சாந்தமேரி மட்டும் குறுக்கே வந்து, இதெல்லாம் நேற்று பூசியது சார், மேலே உத்தரமெல்லாம் கறையான், ஒரு மழை தாங்காது என்று படபடவென்று சொன்னார். சிவநேசன் அண்ணாந்து பார்த்தார். புதுப் பலகை மின்னியது.

சாந்தமேரி பக்கிரிசாமி பக்கம் திரும்பினார்.

“அண்ணே, ஒரு பலகையக் கழட்டிக் காட்டுங்க.”

அந்த ஒரு நிமிடத்தைத்தான் பக்கிரிசாமி பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல்மேலேயே இருந்தது. ஆனால் வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள். தூக்கமில்லாமல் அவர்கள் அடித்த பலகை. வந்தவர்கள் முன்னால் அதைப் பிய்த்து உள்ளே இருக்கும் அசிங்கத்தைக் காட்டுவதா? அவருக்கு மனசு வரவில்லை.

“பெரிய டீச்சர் எப்பவுமே இப்படித்தான் சார், ரொம்ப பயப்படுவாங்க. எது வந்தாலும் நாங்க பாத்துக்குவோம். வாங்க, பசியாறுங்க, ஆறிப்போவுது.”

சிவநேசன் சிரித்தார். பெற்றோர்கள் இப்படி ஒற்றுமையாக இருப்பது பெரிய பலம் என்று மனதாரப் பாராட்டினார். இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டார். கார் கிளம்பிப் போனபின் சாந்தமேரி பக்கிரிசாமியிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

“நான் கதவத் திறந்துவிடத்தான் சொன்னேன், அண்ணே.”

மானியம் வேறொரு பள்ளிக்குப் போனது. அங்கே ஆசிரியர் வீட்டில் பாதிக் கூரையே இல்லையாம். நியாயமான முடிவுதான், யாரையும் குறைசொல்ல முடியாது. அந்தச் செய்தியைக் கேட்டபோதுதான் பக்கிரிசாமிக்குத் தான் செய்த காரியம் முழுசாக உறைத்தது. கடையில் வாடிக்கையாளர் என்ன நிறம் கேட்கிறார் என்பதே விளங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மழை வந்தது. பால்நிறச் சாயம் கொப்பளித்து உரிந்தது, பூசணம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒருநாள் ரிஷி பாலர் வகுப்பில் இருந்த நேரத்தில் சீலிங் பலகை நனைந்து அவன் படுக்கும் மெத்தைமேலேயே விழுந்தது. கறையான் மண்ணும் அழுகிய மரத்தூளும் மெத்தை முழுக்கக் கொட்டிக் கிடந்தன. அதைப் பார்த்தபின் மலர் டீச்சர் யோசிக்கவில்லை. செராஸில் ஒரு பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. பக்கத்திலேயே அவருடைய அக்கா வீடு இருந்தது.

சாமான்களைப் பக்கிரிசாமிதான் தன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். கூலி ஆளை அனுப்பியிருக்கலாம், மனம் கேட்கவில்லை. வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. மானியம் ஏன் கைவிட்டுப் போனது என்று டீச்சருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாந்தமேரியும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. செராஸில் கடைசிப் பெட்டியை இறக்கியபோது டீச்சர் அவரை நிறுத்தினார்.

“கவர்மெண்டு செய்யலைன்னா என்ன அண்ணே. எனக்காகன்னு ஒரு வீட்டுக்குச் சாயம் அடிச்சது நீங்க ஒருத்தர்தான். அத நான் மறக்கமாட்டேன்.”

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டு லோரியில் ஏறினார். திட்டு வாங்கியிருந்தால் கொஞ்சமாவது மனது ஆறியிருக்கும்.

மாலை வகுப்பு நின்றது. புதிதாக வந்த ஆசிரியர் ஷா ஆலாமிலிருந்து வந்துபோனார், மணியடித்ததும் கிளம்பினார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தாமரை பள்ளி விட்டதும் கடைக்கு வந்து சாய டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். மலர் டீச்சர் எப்போது வருவார் என்று முதலில் அடிக்கடி கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பக்கிரிசாமிக்கு அதுதான் இன்னும் வலித்தது.

மறு வருஷமும் அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. இந்தத் தடவை சாந்தமேரி தெளிவாகவே சொல்லிவிட்டார், துடைப்பத்தைக்கூடத் தொடக்கூடாது என்று. பக்கிரிசாமி தொடவில்லை. காய்ந்த சருகு, எலிப்புழுக்கை, உரிந்த சாயம், தொங்கும் பலகை எல்லாம் அப்படியே கிடந்தன. விருந்தாளி வரும் வீட்டை அந்தக் கோலத்தில் விட்டுவைப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லி முடியாது. பசியாறக்கூட எதுவும் வைக்கவில்லை.

அதே சிவநேசன்தான் வந்தார். பக்கிரிசாமி கேட்காமலேயே மிச்சமிருந்த பலகையைச் சுத்தியலால் பெயர்த்தார். பொலபொலவென்று உதிர்ந்த உத்தரத்தைக் காட்டினார். போன வருஷமும் இது இப்படித்தான் சார் இருந்தது, நான்தான் மூடிவைத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சிவநேசன் உதிர்ந்த மரத்தூளைக் கையிலெடுத்துப் பார்த்தார். பிறகு, இப்போது இங்கே எந்த ஆசிரியர் தங்கியிருக்கிறார் என்று கேட்டார்.

“இப்ப யாரும் இல்ல சார். வீடு நல்லா ஆயிட்டா வந்துடுவாங்க.”

“ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அண்ணே மொதல்ல குடுக்கச் சொல்றாங்க. அப்படிப்பட்ட வீடுங்களே நெறைய நிக்குது.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “அன்னிக்கே காட்டியிருக்கலாமே.”

கார் போனது. சாந்தமேரி வகுப்புக்குப் போனார். பக்கிரிசாமி தனியாக அந்த வீட்டுக்குள் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்தார். சருகை ஒதுக்கினார், மரத்தூளை அள்ளினார், ரிஷி படுத்திருந்த மூலையைக் குனிந்து சுத்தமாகக் கூட்டினார். அப்போது போன் அடித்தது. மலர் டீச்சர்.

அதிகாரிகள் வரும் செய்தியைப் பெரிய டீச்சர் அவருக்கும் சொல்லியிருக்கிறார். குரலில் அத்தனை சந்தோஷம். ரிஷி இன்னும் அந்த வராந்தாவையே கேட்கிறானாம்.

“இந்தத் தடவ வீடு கெடைச்சிடும்லண்ணே? கெடைச்சா நான் திரும்பி வரேன்னு பெரிய டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். அங்க இப்ப என்ன செய்யுறாங்க?”

பக்கிரிசாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“வீட்டக் கூட்டிக்கிட்டு இருக்கேன், டீச்சர்,” என்றார்.