1181 முதல்

வாசுதேவன் நீட்டிய படிவத்தில் தேதி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது: மார்ச் நான்கு. அன்று ஆகஸ்ட் இருபத்திரண்டு. ரெஜின் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். அதற்கும் விஷயம் தெரிந்த மாதிரி மின்விசிறிக் காற்றில் தாள்கள் பின்பக்கமாகப் புரண்டுகொண்டிருந்தன.

தலைநகரில், ஓக்லாவில் இருந்த அந்தத் தொழிற்சாலை, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் பம்ப் செய்தது. பம்பின் எந்த உறுப்பு எப்போது மாறியது, எந்த எண் பம்பிலிருந்து மாறியது என்று பதிவு வைப்பது ரெஜினின் வேலை. மாற்றம் என்றால் ஆறு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டிக்கரின் நீலத்தை இன்னும் கொஞ்சம் நீலமாக்கப் பதினோரு வாரம் ஆனது. நடுவில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டதால் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஸ்பிரிங்கை மாற்ற மட்டும் ஒரு கட்டைவிரல் போதுமாயிருந்தது.

கட்டைவிரல் ரெஜினுடையது. மார்ச் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விருந்தில், இடது கையில் பிரியாணித் தட்டு. ஃபேக்டரி வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூவோடு மூன்று காலை வணக்கங்கள். மூன்றுக்கும் கட்டைவிரல் போட்டான். அந்தக் குழுவில் அதுதான் மரியாதை. போடாதவனைத் திங்கட்கிழமை யாரும் டீக்குக் கூப்பிட மாட்டார்கள். நான்காவதாக, உற்பத்தி மேலாளர் பூஷண் ஒரு ஸ்பிரிங்கின் படம் போட்டு, "பழையது வரவில்லை, இது சலேகா நா, ஓடும்தானே?" என்று கேட்டிருந்தார். அதற்கும் போட்டான். பூஷண் கேட்டதே பத்து நாள் அதைப் பம்புகளில் போட்டு ஓட்டிய பிறகுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. அதுவரை பழைய ஸ்பிரிங்கும் புதிய ஸ்பிரிங்கும் ஒரே தட்டில் சம்பந்தி வீட்டார் மாதிரி கலந்து கிடந்தன.

புதியது ஓர் இழை மெலிது. குழாய் அடைத்து மருந்து நின்றால் பம்ப் உடனே கத்த வேண்டும். இது யோசித்துவிட்டுக் கத்தியது. மீரட்டிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி புகார் எழுதியிருந்தது.

"அச்சா, ஒக்காருப்பா," என்றார் வாசுதேவன். தரப் பிரிவின் தலைவர். கரோல் பாகில் பிறந்தவர். "வியாழக்கிழமை ஆடிட். அவா வரச்சே இந்த ஃபார்ம் இருக்கணும். இல்லேன்னா நாம இருக்க மாட்டோம்."

"1181-லேருந்து மாறுச்சுன்னு இருக்கே சார்?"

"மார்ச் நாலாந் தேதி லைன்ல ஏறின மொதல் பம்ப் அதுதான். அதுலேருந்து மேல எல்லாத்தையும் திருப்பி வாங்கிண்டுடலாம். நேர்மையாத்தானே பண்றோம்?"

"அதுக்கு முன்னாலயே கலந்துட்டு சார். எதுல எதுன்னு யாருக்கும் தெரியாது. எல்லாத்தையும் திருப்பி வாங்கணும்."

"வாங்கினா ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"'தெரியாது'ன்னு எழுதலாமா?"

"கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டம் நாலு இலக்கம் மட்டும்தான் எடுத்துக்கும்," என்றார் வாசுதேவன், உண்மையான வருத்தத்தோடு. "நானே போட்டுப் பாத்தேன். காலியா விட்டா மேல போகாது." பிறகு தன் போனை மேசைமேல் வைத்தார். திரையில் ஸ்பிரிங் இருந்தது, அதன் கீழே கட்டைவிரலும். "இதையும் ஆடிட்டர் கேப்பான். ஃபார்ம் இருந்தா கேக்க மாட்டான். ஜல்தி முடிப்பா."

ரெஜின் கையெழுத்துப் போட்டான். மற்ற ஐந்து கையெழுத்தும் நாற்பது நிமிடத்தில் விழுந்தன. தொழிற்சாலையின் சரித்திரத்தில் அதுவே சாதனை. ஆடிட்டர் வியாழக்கிழமை வந்து, பதிவுகள் முன்மாதிரியாக இருப்பதாக எழுதிவிட்டு, சமோசா சாப்பிட்டுப் போனார்.

மறு செவ்வாய் காலை பதினோரு மணிக்கு இன்பராணி போனில் கூப்பிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான். ரெஜின் அதில் குடியிருக்கும் கணவன்.

"கேட்டியளா, உங்க கம்பெனி லெட்டர் வந்துருக்கு. 1181-லேருந்து மேல உள்ளதைத் திருப்பி அனுப்பணுமாம். எங்க வார்டுல உள்ள ஆறு பம்பும் அதுக்குக் கீழ. தப்பிச்சோம்."

அவன் இருக்கையை விட்டு எழுந்து மாடிப்படிக்கு வந்தான்.

"இன்பா, ஆறையும் கழட்டு."

"என்ன சொல்லுதிய? ஆறுலயும் ஆள் கிடக்கு."

"வேற பம்ப் போடு."

"ஸ்டோர்ல சும்மா தருவாவளா? பேப்பர் கேப்பாவ. லெட்டர்ல இந்த நம்பர் இல்லியே."

"அந்த நம்பர் சும்மா போட்டது."

"யாரு போட்டது?"

கீழே வேனில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரின் நீலம் நன்றாகத்தான் இருந்தது.

"லெட்டருக்குப் பின்னால ஃபார்ம் வச்சிருக்கு," என்றாள் இன்பராணி. தாள் புரளும் சத்தம். "இது உங்க கையெழுத்துதான?"

"இன்பா..."

"மார்ச் நாலு. அன்னைக்கு நீங்க ஆபீசே போவலியே. நம்ம பிள்ளை ஜூலியாவுக்குக் காய்ச்சல்னு லீவு போட்டுட்டு வீட்டுல கிடந்திய."

அவன் வாயைத் திறந்தான். அப்போது போனுக்குள், அவளுக்குப் பின்னால் எங்கோ, ஒரு பம்ப் கத்தத் தொடங்கியது.

"இருங்க," என்றாள். போனை மேசைமேல் வைத்த சத்தமும், செருப்பு தரையில் அடித்தபடி ஓடும் சத்தமும் கேட்டன.