பக்கத்து வீட்டுக்குப் போன ஒயர்

உரிமையைச் சொல்லித் தருகிறவர்கள் நல்லவர்கள்தான், அதில் சந்தேகம் வேண்டாம். மகளிர் சங்கத்து அம்மாவும் நல்லவள். வரிசை வீடுகளில் ஒன்று விடாமல் ஏறி இறங்கி, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாள்.

"மெஷின்ல மூச்சு விடுற நோயாளி வீட்டுல இருந்தா, பாக்கிக்காக கரண்டைப் பிடுங்கக் கூடாது. அது சட்டம். ஆனா ஆபீஸ்ல சொல்லிப் பதிஞ்சு வெச்சிருக்கணும்."

தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் புருஷன் மூக்கில் குழாயோடு படுத்த படுக்கையாகக் கிடந்தான். மெஷின் நின்றால் அவனும் நின்றுவிடுவான். கரண்டு பில் பாக்கி நின்றதால், தெருவில் லைன்மேனின் ஏணி தெரிந்தாலே அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அன்றைக்கே சங்கத்து அம்மாவோடு கரண்டு ஆபீசுக்குப் போய்ப் பதிந்தாள். நேரில் வந்து மெஷினைப் பார்ப்போம் என்றார்கள்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் கரண்டைப் பிடுங்கினாலும், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக ஒரு ஒயரை நீட்டிவிடுவார். குடிக்கத் தண்ணீர் கொடுப்பதைப் போலத்தான் அதுவும். தப்பென்று யாருக்கும் தோன்றியதில்லை. அதனால் சங்கத்து அம்மாவிடம் அதைச் சொல்லவும் தோன்றவில்லை. பாக்கிக்காகக் கரண்டைப் பிடுங்கியிருந்த பக்கத்து வீட்டுச் சலவைக்காரியின் விளக்கும் விசிறியும் தையல்காரி வீட்டு ஒயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அதிகாரி லைன்மேனோடு வந்தார். சங்கத்து அம்மாவும் துணைக்கு வந்திருந்தாள். மெஷினைப் பார்த்துத் தலையாட்டிய அதிகாரியின் கண், திரும்பும்போது ஜன்னலில் விழுந்தது.

"இது எங்கம்மா போகுது?"

"பக்கத்து வீட்டுக்கு சார்," என்றான் எட்டிப் பார்த்த லைன்மேன். அதிகாரி தையல்காரியிடம் திரும்பினார்.

"நீயா குடுத்தியா, அவங்களா எடுத்தாங்களா? நீ குடுத்திருந்தா உன் இணைப்பும் போச்சு. மெஷின் இருக்குன்னு எல்லாம் பாக்க முடியாது. அவங்களா எடுத்திருந்தா திருட்டு. கேஸ் அவங்க மேல."

சத்தம் கேட்டுச் சலவைக்காரி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். சங்கத்து அம்மா தையல்காரியின் காதோரம் குனிந்தாள்.

"தெரியாதுன்னு சொல்லிடுங்க. கிடைச்ச உரிமையை விட்டுடாதீங்க."

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

"எனக்குத் தெரியாது சார்."

"அப்ப அவ திருடியிருக்கா?"

"இருக்கும் சார்," என்று மென்று விழுங்கினாள்.

சலவைக்காரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெஷின் நின்றிருக்கும். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். லைன்மேன் ஒயரை அறுத்துச் சுருட்டினான். அதிகாரி அவளைத் திருடி என்று எழுதிக்கொண்டு போனார்.

"பாத்தீங்களா, விஷயம் தெரிஞ்சா நம்மளை யாரும் ஏமாத்த முடியாது," என்றாள் சங்கத்து அம்மா. நல்ல மனுஷி, வேறென்ன சொல்ல?

புருஷனைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். இத்தனை நாள் கை கொடுத்தவள் சலவைக்காரிதான். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்று தையல்காரி குமைந்துகொண்டிருந்தபோது, அவளே உள்ளே வந்தாள். அவன் தோளுக்கடியில் கை கொடுத்தாள். புரட்டி, முதுகைத் துடைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். தையல்காரிக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது.

வாசற்படியில் சலவைக்காரி நின்றாள்.

"நான் கிளம்பறேன்க்கா. வீட்டுல எதையாவது காணோமான்னு ஒரு தடவை பாத்துக்குங்க."