மாட்டு டாக்டருக்கு வைத்தியம்

என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் திண்டிவனம் கால்நடை மருந்தகத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். உத்தியோகப் பெயர் கால்நடை ஆய்வாளர். ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்க அவரை மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சைக்கிளில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் போதும், "சார், நம்ம செவலை ராத்திரியிலேர்ந்து கத்திக்கினே இருக்குது" என்று யாராவது ஓடிவந்து மறிப்பார்கள். அவர் கைராசியில் பிறந்த கன்றுகள் முப்பது ஊரில் துள்ளிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் மட்டும் எட்டு வருடமாக ஒன்றும் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? பேசியது, ஆனால் என்னை மட்டும்தான் பேசியது. என் நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்தபோது நான் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் போனேன். மாமியார் வீரம்மாள் என் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டு, "நீ அப்பால நில்லும்மா" என்றார். கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி. நான் சமையல்கட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவிய வாழையிலைகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அம்சவள்ளிக்கு அழத் தெரியாது என்று என் அம்மா பெருமையாகச் சொல்வாள். அன்றைக்கு எனக்கு நன்றாகவே அழத் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். எண்பத்தெட்டாம் வருடம், தை மாதம். திண்டிவனத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மாடு வைத்திருப்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பதால் விழுப்புரம். அங்கே லூர்துமேரி என்ற லேடி டாக்டர் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருந்தார். குழந்தை இல்லாதவர்களுக்கு வைத்தியம் செய்ய மதராஸில் பயிற்சி எடுத்து வந்தவர். இரண்டு பேருக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கும்மா. சாருக்குத்தான் உயிரணு எண்ணிக்கை கம்மி. ஓட்டமும் கம்மி."

திரும்பி வரும்போது பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்சா, இத யாராண்டயும் சொல்லிடாத. ஊரு மாட்டுக்கெல்லாம் சினை ஊசி போடுறவன் நான். தெரிஞ்சா சிரிச்சே சாவடிச்சிடுவானுங்க."

சரி என்றேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம். கோபமும் அதற்குக் குறையாமல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டதற்கு, "அம்சாவுக்கு மருந்து குடுத்துக்கினு இருக்காங்கம்மா" என்று அவர் சொன்னார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குழந்தை வந்துவிட்டால் எல்லா வாயும் அடைபடும், அதுவரை இந்தப் பழியையும் சுமந்துகொள்வோம் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை போனபோது டாக்டர் வைத்தியத்தை விளக்கினார்.

"இது ஆபரேஷன் இல்லம்மா. சார்கிட்டேர்ந்து வாங்கின விந்தை மருந்துத் தண்ணியில கழுவி, மெஷின்ல சுத்தவிட்டு, நல்லா ஓடுற உயிரணுவை மட்டும் பிரிச்சு எடுப்போம். உங்களுக்கு முட்டை வெளிய வர்ற நாளாப் பார்த்து, மெல்லிசான குழாய் வழியாக் கர்ப்பப்பைக்குள்ள விட்டுடுவோம். பாதித் தூரம் நாம கொண்டுபோய் விடுறோம். மீதித் தூரம் அதுங்க பாடு."

எனக்கு ஒரு பயம் இருந்தது. கேட்டே விட்டேன். "வேற யாருதாவது கலந்துடுமா டாக்டர்?"

"சேச்சே. உங்க வீட்டுக்காரரோடது மட்டும்தான். புட்டியிலேயே பேரு எழுதிடுவேன். ஆனா ஒண்ணு, முதல் தடவையே நிக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். நாலஞ்சு மாசம்கூட ஆகலாம். பொறுமை வேணும்."

என் வீட்டுக்காரர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இத்தனை நாள் கழித்து தனக்குத் தெரிந்த பாஷையை யாரோ பேசுகிறார்கள் அல்லவா. அன்று சாயங்காலம் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கர்ப்பப்பை படம் வரைந்து எனக்குப் பாடம் நடத்தினார். "பசுவுக்குக் காலையில பருவம் வந்தா சாயங்காலம் ஊசி. அதே கணக்குதான், உனக்கு நாள் கணக்கு." நான் துடைப்பத்தைத் தேடினேன். படம் மட்டும் அழகாக இருந்தது.

முட்டை வெளிவரும் நாளைக் கண்டுபிடிக்க, தினமும் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் உடம்புச் சூட்டை அளந்து எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த வேலையை என் வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டார். விடியும்போது கண்ணைத் திறந்தால் என் வாயில் தெர்மாமீட்டர் இருக்கும், பக்கத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எங்கே எழுதுகிறார் என்று ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். மாடுகளின் பருவம் குறிக்கிற டைரி. ஒலக்கூர் செவலைக்கும் மயிலம் கறுப்புக்கும் நடுவில் அம்சவள்ளி.

"எனக்கும் காதுல தோடு மாட்டி நம்பர் போட்டுடுங்களேன்" என்றேன்.

"கோச்சிக்காத. அந்த டைரிய மட்டும்தான் நான் தொலைக்க மாட்டேன்" என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

விந்தை ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு இருந்தது ஒரே ஒரு சின்ன அறை. கதவு நேராக வெளி ஹாலைப் பார்த்திருந்தது. ஹாலில் எப்போதும் இருபது பேர். என் வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பார்த்தார், இருபது பேரையும் பார்த்தார், வீட்டிலிருந்தே கொண்டுவருகிறேன் என்றுவிட்டார்.

"அப்படின்னா ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடணும் சார். வர்ற வழியில அதை எப்படி வெச்சுக்கணும்னா..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் டாக்டர். பதிமூணு வருசமா இதே வேலைதான்."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காளையின் விந்து பண்ணையிலிருந்து பஸ்ஸில்தான் வருமாம், பிளாஸ்க்கில், ஐஸ்கட்டிக்கு நடுவில். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். ஐஸ் கரைந்துவிட்டால் அன்றைய பாடு வீண். அப்புறம் அதைவிடக் குளிரான கேன்கள் வந்தன. மொத்தத்தில் குளிர்ச்சி கெட்டால் எல்லாம் கெட்டது என்பது அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

மாசி மாதத்தில் எனக்கு நாள் குறித்தாயிற்று. அவர் விடியற்காலையில் சோடாக் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வந்து, எங்கள் காபி பிளாஸ்க்கில் போட்டு, நடுவில் விந்து இருந்த புட்டியைச் செருகினார். எக்ஸ்பிரஸ் பஸ் பிடித்தோம். கண்டக்டர் "ஜல்தி, ஜல்தி" என்று ஏற்றினார். வழியெல்லாம் பிளாஸ்க்கை மடியில் வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மனுஷர் என்ன அக்கறையாக இருக்கிறார் என்று எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. ஐம்பத்தைந்தாவது நிமிடம் டாக்டர் மேஜையில் பிளாஸ்க் இருந்தது.

டாக்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்களே பாருங்க சார்" என்று நகர்ந்துகொண்டார்.

அவர் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"ஒண்ணுகூட ஓடல" என்றார் கடைசியில். "முட்டை மஞ்சக்கரு கலக்காம ஐஸ்ல வெச்சிட்டேனே டாக்டர். காளையோடதுக்குக் கலந்துதானே குளிர வெப்பாங்க. தெரிஞ்சவன் நானே இப்படிப் பண்ணிட்டேனே."

"இதுக்கு உடம்புச் சூடே போதும் சார். புட்டியைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்திருந்தா சரியா இருந்திருக்கும். பரவாயில்ல, அடுத்த மாசம் பார்ப்போம்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் போகும் வரை நான் பொறுத்துக்கொண்டேன். அங்கே, "அத்தினி பேரையும் குச்சி ஐஸா ஆக்கிட்டீங்களே" என்று ஆரம்பித்து, சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் விற்கிற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்க்கிலிருந்த ஐஸ் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

"நான் அந்த ஹாலுக்குப் பயந்தேன் அம்சா. அதான் வெனையாப் போச்சு. அடுத்த தபா அங்கியே குடுக்குறேன்."

சொன்னபடி செய்தார். பங்குனியில் மறுபடி நாள் வந்தது. ஹாலில் அன்றைக்கு இருபதுக்கும் மேல் கூட்டம். நர்ஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "பாண்டுரங்கன் யாரு சார்?" என்று கூப்பிட்டு, பேர் எழுதிய புட்டியை நீட்டினாள். கல்யாணத்தன்று தாலி கட்ட எழுந்தபோதுகூட அவர் அப்படி வியர்த்ததில்லை. புட்டியை வாங்கிக்கொண்டு அந்தக் கதவுக்குள் போனார். அரைமணி நேரம் கழித்து யாரையும் பார்க்காமல் வெளியே வந்தார். கழுவிப் பிரித்தெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மாதவிலக்கு வலி மாதிரி ஒரு சின்னச் சுருக்கு, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து, அரைமணி நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார் டாக்டர். என் கட்டிலுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு துணித்திரை மட்டும் தொங்கியது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குரல் கேட்டது.

"அட, நம்ம மாட்டு டாக்டரு! என்னா சார் இவ்ளோ தூரம்?"

குரலிலேயே ஆளைத் தெரிந்துவிட்டது. மயிலத்து முருகையன். நாலு மாடு வைத்திருப்பவர். பேச ஆரம்பித்தால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வந்திருக்கிறார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்த பெண், தலைச்சன் பிள்ளை, ஆண் குழந்தை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"வூட்டம்மாவைக் காட்ட வந்தீங்களா சார்? பாவம், எட்டு வருசமாச்சி இல்ல? நீங்க கை வெச்சா ஊரு மாடெல்லாம் சினை நிக்குது. அந்தம்மாவுக்கு என்னா கொறையோ."

ஹால் முழுக்க அது கேட்டிருக்கும். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கேள்விக்கு அவர் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "பார்க்கலாம், மருந்து குடுத்துக்கினு இருக்காங்க" என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன்.

"அவளுக்கு ஒரு கொறையும் இல்ல முருகையா" என்றார் என் வீட்டுக்காரர். "கொறை எங்கிட்ட. வைத்தியம் எனக்குத்தான் நடக்குது. எட்டு வருசமா எனக்காக அவ பேச்சு வாங்கிக்கினு இருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. முருகையன் இருமினார். "ஆவும் சார், எல்லாம் நல்லபடியா ஆவும்" என்று, இந்தத் தடவை நிஜமாகவே தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். டாக்டர் தோளைப் பிடித்து அமுக்கினார். "அசையாதீங்கம்மா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு." கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. "அவரைக் கூப்பிடுங்க டாக்டர்" என்றேன்.

அந்த மாதம் நிற்கவில்லை. சித்திரையிலும் இல்லை. வைகாசியில்தான் நின்றது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு மறக்காமல் இருப்பது அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றதுதான்.

"என்னா அம்சா, வலிக்குதா?"

"இல்ல."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"முருகையன் ஊருக்குப் போறதுக்குள்ள முப்பது ஊருக்கும் சொல்லிடுவான்."

"சொல்லட்டும்."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வேட்டி நுனியால் என் காதோரம் துடைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, இத்தினி நாளா ஊரு வாய அடைக்கத்தான் எனக்குப் புள்ள வேண்டியிருந்துச்சி. இப்ப நிஜமாவே வேணும். உங்கள மாதிரியே ஒண்ணு வேணும்."